தாழ்ப்பாள் இல்லாத கதவு

புத்தகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்த புண்ணியவான் ஒருவர், தபாலில் வந்த பிரதியின் அட்டை நனைந்திருந்தது என்று காரணம் எழுதியிருந்தார். கொலையைப் பற்றியோ கொலைகாரனைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கருத்தைப் பதினான்கு பேர் 'பயனுள்ளது' என்று வேறு அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அட்டை நனைந்ததில் யாருக்கு என்ன பயன் என்று, அச்சாபீஸில் பிழை திருத்தும் புரூஃப் அக்காவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அதையும் விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

அம்மாவுக்குக் கண் மங்கி மூன்று வருஷம் ஆகிறது. தினமும் மாலை மகள் அச்சாபீஸிலிருந்து வந்து முகம் கழுவியதும், கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். மகள் போனைத் திறந்து, புத்தகம் விற்கும் பக்கத்துக்குப் போய், அன்றைக்கு வந்த வாசகர் கருத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்.

"அடுத்தது?" என்றாள் அம்மா.

"'மழைக்காகம்'னு ஒருத்தர். 'பட்டாள முகாமில் கொலை என்றதும் ஆசையாக வாங்கினேன். பதினாறு பக்கத்துக்குக் கிடங்கில் ஆணி எண்ணுகிறார்கள். தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.' மூணு நட்சத்திரம்."

"தூங்க வெச்சதுக்கா மூணு?"

"இருக்கும். 'ரெட்டைவால்'னு இன்னொருத்தர். 'கொலைகாரன் வென்டிலேட்டர் வழியாகத் தப்பிக்கிறானாம். பூனையா அவன்?'"

அம்மா சிரிக்கவில்லை. "நம்ம பிள்ளை முகாம்ல இருந்தவங்க யாராவது எழுதியிருக்காங்களா?"

"இன்னைக்கு இல்லம்மா."

ஒன்றே முக்கால் வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

புத்தகத்தை எழுதியவள் இந்த மகள்தான் என்பது அம்மாவையும் அச்சாபீஸ் முதலாளியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அட்டையில் ஓர் ஆம்பிளைப் பெயர் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் எழுத்தில் கொம்பும் காலும் திருத்தியே கண்ணாடி தடித்துப்போனவள், நாற்பத்தைந்து வயதில் ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறாள் என்றால் அது எழுத்து ஆசையால் இல்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். முகாமின் சாமான் கிடங்கில் கிளார்க்காக இருந்தான். ஒரு விடியற்காலை முகாமின் இரண்டாம் காவல் அறையில், துப்பாக்கி பக்கத்தில் கிடக்க, செத்துக் கிடந்தான். தானே சுட்டுக்கொண்டான் என்று நாலு பக்க அறிக்கை வந்தது.

வராத மூட்டைகளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று அவன் சாவதற்கு முந்தைய வாரம் போனில் சொல்லியிருந்தான். அவனா போடுவான்? வீட்டில் அவனுக்குப் பெயரே 'சீட்டு'. அக்காவின் பேனாவை ஒரு நாள் வாங்கினால்கூட, 'பெற்றுக்கொண்டது: நீலப் பேனா ஒன்று, மூடி கடிபட்டது' என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற பிறவி.

அந்தப் போனில்தான் அவன் அம்மாவிடம், "வேலையை விட்டுட்டு வந்துடட்டுமாம்மா?" என்று கேட்டான். அம்மா, "எல்லாரும் இருக்கலையா? நீ மட்டும் என்ன அதிசயம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எந்த அம்மாவும் சொல்லுகிற பேச்சுதான். ஆறு நாள் கழித்து அவன் போய்விட்டான். பத்து வருஷமாக அம்மா அந்த ஒரு வாக்கியத்தை மென்று மென்று அதிலேயே பாதியாகிப்போனாள். 'நான்தான் வழியை அடைச்சேன்' என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் சொல்லவே இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

சுட்டது அவன் இல்லை என்று மகளுக்கு நெஞ்சுக்குள் தெரியும். ஆனால் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'அறைக் கதவு உட்புறம் தாழிடப்பட்டிருந்தது, உடைத்துத் திறக்கப்பட்டது.' அந்தத் தாழ்ப்பாளிடம் வந்ததும் அவளுடைய எல்லா வாதமும் நின்றுபோகும். உள்ளே தாழ் போட்ட அறையில் ஒருத்தன் தனியாகச் செத்துக் கிடந்தால் வேறு யார்மேல் பழி போடுவது? சில நாள், புரூஃப் மேசையில் பேனாவை வைத்துவிட்டு, ஒருவேளை அவனேதானோ என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

பத்து வருஷத்துக்குள் புதுச் சான்று ஏதாவது கொண்டுவந்தால் கோப்பைத் திறப்போம் என்றது மறுவிசாரணை அலுவலகம். அன்று முகாமில் இருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் நாவல் யோசனை வந்தது. பட்டாளத்துக்காரன் கொலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பான்; ஆனால் தான் செய்த வேலையை ஒருத்தன் தப்பாக எழுதினால் பொறுக்கமாட்டான். அந்தக் குணத்துக்குத் தூண்டில் போட்டாள். முகாமின் பெயரை மாற்றினாள். தம்பி கடிதத்தில் எழுதியிருந்த பதின்மூன்று படி தண்ணீர்த் தொட்டியையும் சாய்ந்த கொடிக்கம்பத்தையும் அப்படியே வைத்தாள். கிளார்க் செத்தால் எவன் படிப்பான் என்று முதலாளி முகம் சுளித்ததால், கதையில் செத்தவனைக் கேப்டன் ஆக்கினாள். கிடங்குக் கிளார்க்கைக் கடைசிப் பக்கம்வரை உயிரோடு வைத்திருந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அப்புறம் வேண்டுமென்றே மூன்று தப்பு வைத்தாள். பிழை பார்த்தே சோறு சாப்பிடுகிறவள் தன் புத்தகத்திலேயே பிழை நட்டு வைப்பது என்றால் அது எப்படிக் குடைந்திருக்கும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். காவல் மாற்றம் இரண்டு மணிக்கொருமுறை என்றால் மூன்று என்று எழுதினாள். தோட்டா எண்ணும் முறையை மாற்றினாள். மாலை ஆஜர் எடுப்பதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளினாள்.

மீன் கடித்தது, நிறையவே கடித்தது. 'இரண்டு மணி நேரம்யா, மூன்று இல்லை!' என்று ஓய்வு பெற்றவர்கள் எங்கிருந்தெல்லாமோ கொதித்து எழுதினார்கள். அவர்களில் பதினோரு பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தாள். ஒருத்தர்கூட அந்த முகாமை மிதித்ததில்லை. நாள் மட்டும் ஓடியது. பத்து வருஷம் முடியப் பத்தொன்பது நாள் பாக்கி இருந்தபோது, மதிய இடைவேளையில் அச்சாபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளின் போனில் 'மரத்தூள்' என்பவரின் கருத்து வந்தது.

'கதை பரவாயில்லை. கதவு தப்பு. காவல் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்ததாக எழுதியிருக்கிறார். காவலுக்கு நிற்கிறவர்கள் தாழ் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்று அந்த முகாமில் நான்கு காவல் அறையிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். வெளியே கொக்கி மட்டும்தான். பதின்மூன்று படித் தொட்டி எழுதத் தெரிந்தவருக்குக் கதவைப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு நட்சத்திரம்.'

அவள் இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது எழுத்து ஆடியது. அவள் நட்ட மூன்று தப்பில் இது இல்லை. இது அவள் தப்பே இல்லை. அறிக்கையிலிருந்து ஓர் எழுத்து மாற்றாமல் எடுத்து எழுதிய வரி! அந்த வரியை நம்பித்தான், வேறு வழி தெரியாமல், கொலைகாரனை வென்டிலேட்டரில் நுழைத்து ஊர் சிரிக்க வைத்தாள். உள்ளே தாழ்ப்பாளே இல்லையென்றால் அவன் எதைப் போட்டுக்கொண்டு செத்தான்?

அங்கேதான் அவசரப்பட்டாள். கொஞ்சம் பொறுத்து, நாலு வார்த்தை நயமாகப் பேசி, ஆளைத் தெரிந்துகொண்டிருக்கலாம். பத்து வருஷப் பசி பொறுக்குமா? கருத்துக்குக் கீழே, 'உங்களை உடனே நேரில் பார்க்க வேண்டும். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தயவுசெய்து' என்று எழுதி, போன் எண்ணையும் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கருத்தே இல்லை. துடைத்து எடுத்தாற்போல் போய்விட்டது.

நல்லவேளையாகக் கையால் எழுதி வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு மறுவிசாரணை அலுவலகத்துக்கு ஓடினாள். கவுன்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா எழுதினது?"

"மரத்தூள்னு ஒருத்தர் சார்."

"மரத்தூளு." அவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். "அதுவும் ஒரு கதைப் புஸ்தகத்துக்கு. அதுவும் இப்ப அங்க இல்ல. அதையும் நீங்களே உங்க கையால எழுதிட்டு வந்திருக்கீங்க. நான் இதை வாங்கி என்னன்னு பதியட்டும்?"

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றவள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள். அன்று மாலை அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "இன்னைக்கு இல்லம்மா" என்று சொன்னாள். முதல் தடவையாக அது பொய்.

ஆனால் புரூஃப் பார்க்கிறவள் ஒரு பக்கத்தை அவ்வளவு லேசில் விடமாட்டாள். மரத்தூள் புத்தகக் கருத்தை அழித்தாரே தவிர, அதே இணையக் கடையில் வாங்கிய மற்ற சாமான்களுக்கு எழுதியதை அழிக்கவில்லை. கீல், பசை, ரம்பத் தகடு என்று பதினாறு கருத்து. எல்லாவற்றிலும் சண்டை. பெயருக்குக் கீழே ஊர் இருந்தது, பஸ்ஸில் நாலு மணி நேரம். ஒன்பதாவது கருத்து இது: 'பொருளை என்னிடம் தராமல் எதிரே கண் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கடை இல்லையா, இல்லை அவனுக்குக் கண் இல்லையா?'

அந்த ஊரில் கண் ஆஸ்பத்திரி மூன்று இருந்தது. மூன்றாவதின் எதிரே, பழைய டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒரு தச்சுப் பட்டறை. அறுபது வயதுக்காரர் ஒருவர், காதில் பென்சிலோடு, ஜன்னல் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மரத்தூள்.

"ஐயா, ஒரு கதவைப் பத்திப் பேசணும்."

"பேசுங்க. ஒத்தைக் கதவா, ரெட்டையா?"

அவள் பையிலிருந்து நாவலை எடுத்தாள். அவர் அட்டையைப் பார்த்ததும் இழைப்புளியை நிறுத்தினார். பேயறைந்த முகம் எல்லாம் இல்லை, வெறும் எரிச்சல்தான்.

"நீங்கதானா அந்த அவசரக்காரம்மா? ஏதோ ஒரு கதைக்கு ஒரு வார்த்தை சொன்னா உயிரு, நேர்ல வான்னு. எனக்கு எதுக்கு வம்புன்னு எடுத்துட்டேன். இந்த எழுதுறவங்களுக்குக் கதவுன்னா என்னன்னு தெரியலம்மா. அந்த நாலு தாழ்ப்பாளையும் கழட்டினதே நான்தான். ஒப்பந்தத்துக்கு ஏழு மாசம் அங்க வேலை பார்த்தேன். முகாம் அதிகாரி நேரா வந்து நின்னு கழட்டச் சொன்னாரு."

"அதுக்கப்புறம் யாராவது மறுபடி மாட்டினாங்களா?"

"எப்படி மாட்டுவாங்க? கிடங்குல ஒப்படைச்சாச்சே. மறுநாள் என் வேலை முடிஞ்சு நான் கிளம்பிட்டேன்."

அவள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, உதடு அசைய, மெதுவாகப் படித்தார்.

"இது கதை இல்லையே" என்றார்.

"இல்லைங்கய்யா. செத்தது என் தம்பி. கேப்டன் எல்லாம் இல்ல. கிடங்குக் கிளார்க்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சீட்டுத் தம்பியா?" என்றார். "எதைக் குடுத்தாலும் சீட்டு எழுதிக் குடுக்குமே, அந்தத் தம்பியா? பாக்கிக் கூலி வாங்கப் போனப்ப, மாத்தலாகிப் போச்சுன்னுல்ல சொன்னாங்க எனக்கு."

பத்து வருஷத்துக்குப் பிறகு வேறொருத்தர் வாயிலிருந்து அந்தப் பட்டப்பெயர்! கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். "நீங்க இதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதுங்கய்யா. இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு."

அவர் ஜன்னல் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"என் பையன் போன வருஷம்தான் பட்டாளத்துல சேர்ந்தான்மா. இப்ப உள்ள இருக்கான். அப்பன் இங்க சாட்சி சொன்னா, அங்க அவனை என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"என் தம்பியும் உள்ளதான் இருந்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். காலில் விழக் குனிந்தாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, "வேண்டாம்மா, வேண்டாம்மா, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை இழுத்துவிட்டார். பட்டப்பகலில் கடையை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்க, மூன்று மணி நேரம் அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு முன், நாவலையும் அறிக்கையின் நகலையும் அச்சாபீஸ் விலாசத்தையும் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினாள். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, அதுதான் அவளை இன்னும் அறுத்தது.

அடுத்த பன்னிரண்டு நாள் அவள் பார்த்த புரூஃபில் எத்தனை பிழை தப்பியதோ, அந்த முதலாளிக்கே வெளிச்சம். போன் அடித்தால் பாய்ந்து எடுப்பாள். அது எதையாவது விற்கிறவனாக இருக்கும். மாலையில் அம்மாவுக்கு எதைப் படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பதினொன்றாம் நாள் அம்மா, "போதும்டி, விட்டுடலாம். அவன் பாட்டுக்குப் போயிட்டான். பழி என்னோடவே இருக்கட்டும்" என்றாள். மகள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

இரண்டு நாள் மீதி இருக்கும்போது, பதினோரு மணிக்கு, அச்சாபீஸ் வாசலில் அவர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பழைய மரப்பெட்டியின் மூடி, மூடி மட்டும்.

"பையனுக்குப் போன் போட்டேன்மா" என்றார், உட்காரக்கூட இல்லை. "சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டேன். உங்க காவல் அறையில உள்ளே தாழ்ப்பாள் இருக்காடான்னு. இல்லப்பா, தூங்கிடுவோம்னு எடுத்துட்டாங்க, வெளியே கொக்கிதான்னு சிரிக்கிறான்." அவர் மூடியைப் புரட்டிப் பிடித்தார். "அப்பலேர்ந்து சோறு இறங்கல. வெளியேர்ந்து எவன் வேணும்னாலும் மாட்டிட்டுப் போகலாம்ல?"

பெட்டி மூடியின் உள்பக்கம் முழுவதும் பழுப்பேறிய சீட்டுகள் ஒட்டியிருந்தன. ராணுவச் சாமானை எடுத்துப்போய்விட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஒன்று விடாமல் ஒட்டி வைத்தாராம். நடுவில் ஒன்றை விரலால் காட்டினார்.

'பெற்றுக்கொண்டது: காவல் அறை ஒன்று முதல் நான்கு வரை கழற்றிய இரும்பு உள்தாழ்ப்பாள் நான்கு. திருகாணி பதினாறில் பதினைந்து. ஒன்றைக் காணவில்லை, தச்சரை மேசைக்கடியில் தேடச் சொன்னேன்.' கீழே கையெழுத்து. தேதி, அவன் சாவதற்கு ஏழு நாள் முன்னால்.

அவள் அந்தக் கையெழுத்தைத் தொடவில்லை. தொட்டால் உதிர்ந்துவிடும் என்று பயந்தாள். தாழ் போட்டுக்கொண்டு செத்தான் என்று எந்தத் தாழ்ப்பாளைச் சொன்னார்களோ, அதை எண்ணி வாங்கிக் கிடங்கில் பூட்டி வைத்தவன் அவனேதான். அறை எண்ணோடு எழுதியிருந்தான். பதினாறு பக்கம் ஆணி எண்ணுகிறார்கள் என்று சிரித்த மழைக்காகத்தைக் கூப்பிட்டு இதைக் காட்ட வேண்டும் போலிருந்தது. மேசையில் தலை கவிழ்த்து அவள் அழுத அழுகையில் உள்ளேயிருந்து முதலாளி எழுந்து வந்துவிட்டார்.

தச்சர் தன் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்திட்டார். மூடியை நீட்டுவதற்கு முன் தயங்கினார். "இதை வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கம்மா. அந்தத் தம்பிகிட்ட பழகின பழக்கம்."

அவள் எழுதினாள்: 'பெற்றுக்கொண்டது: பெட்டி மூடி ஒன்று. ஒட்டிய சீட்டுகள் முப்பத்தொன்று.' எழுதிய பிறகு ஒரு தடவை எண்ணிச் சரிபார்த்தாள்.

மறுவிசாரணை அலுவலகத்தில் அதே கவுன்டர், அதே மனிதர். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இந்தத் தடவை பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்க்கவில்லை. முத்திரை குத்தி எண் கொடுத்தார். திறப்பார்களா, திறந்தாலும் நியாயம் கிடைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரையும் தெரியாது.

அன்று மாலை அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். படிக்கச் சொல்லவும் இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் போனைத் திறந்தாள். புதுக் கருத்து ஒன்று இருந்தது.

"அம்மா, கேளு. 'மரத்தூள்'. இரண்டு நட்சத்திரம்." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு படித்தாள். "'முன்பு எழுதிய கருத்தைப் பயந்துபோய் எடுத்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன். கதவு தப்பு. அது எழுதியவர் தப்பு இல்லை. அந்த முகாமில் காவல் அறையை உள்ளேயிருந்து பூட்டவே முடியாது. நான்கு தாழ்ப்பாளையும் கழற்றியவன் நான். வாங்கி வைத்தது கிடங்குத் தம்பி. அந்தத் தம்பி தானே பூட்டிக்கொள்ளவில்லை.' கீழ பேரு, அப்பா பேரு, விலாசம் எல்லாம் போட்டிருக்கார்மா."

அம்மா திரும்பினாள். எழுந்து உட்கார அவளுக்கு நேரமானது.

"அவன் பூட்டிக்கலையா?"

"பூட்ட முடியாதும்மா. தாழ்ப்பாளே இல்ல."

அம்மாவின் கை மகளின் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "அப்ப நான் சொன்னதால இல்லையா?"

"இல்லம்மா."

அம்மா பிடித்த பிடியை விடாமல் போன் பக்கம் சாய்ந்தாள். அப்புறம், "இன்னொரு தடவை படி" என்றாள்.

மகள் முதலிலிருந்து, நட்சத்திரத்தையும் சேர்த்து, மறுபடி படித்தாள்.